மாதவரம் பழைய டிரம் கடை: மிதவை கட்டப் போகிறவர்களுக்கு

சென்னையில் மாதவரம் ரவுண்டானாவைத் தாண்டிப் புழல் பக்கம் போகும்போது ஜி.என்.டி. சாலையோரம் பழைய டிரம் விற்கிற கடைகள் அங்கங்கே வரும். அதில் ஒன்றுக்குப் பெயர்ப் பலகை கிடையாது. ஒரு சந்து முனையில், வேப்ப மரத்தடியில், நீல டிரம்களை இரண்டு ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருப்பார்கள். கடைக்காரரை லாரிக்காரர்களிலிருந்து டீ கொண்டுவரும் பையன் வரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். டிரம் விஷயத்தில் இவரை நம்பலாம். வண்டி விஷயத்தில் நம்ப வேண்டாம். இரண்டையும் காரணத்தோடு சொல்ல வேண்டும் என்பதால்தான் இவ்வளவு நீளம்.

நான் ரயில் பெட்டி செய்கிற ஐ.சி.எஃப்.பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஏர் பிரேக் குழாய் வேலை. காற்று எங்கே கசிகிறது என்று தேடித் தேடியே சர்வீஸ் முடிந்தது. அதனால் மூடி, வாஷர், மரை என்று எதைப் பார்த்தாலும் கண் தானாக அங்கே போய்விடும். என் தங்கையைக் கட்டிக் கொடுத்தது கல்பாக்கத்துக்குத் தெற்கே, பாலாற்று முகத்துவாரத்தை ஒட்டிய ஒரு சின்ன ஊரில். அங்கே பையன்கள் சேர்ந்து ஜனவரி கடைசியில் மிதவைப் போட்டி நடத்துகிறார்கள். மோட்டார் கூடாது, ஃபைபர் படகு கூடாது, கடையில் விற்கிற காற்றடிக்கும் படகும் கூடாது. மிதக்கிற எதுவாக இருந்தாலும் சொந்தக் கையால் கட்டியிருக்க வேண்டும். நான்கு பேர் ஏற வேண்டும், நான்கு பேருக்கும் லைஃப் ஜாக்கெட் வேண்டும். கரையிலிருந்து கிளம்பி, ஆற்று நடுவில் நங்கூரம் போட்டு நிறுத்தியிருக்கும் மீன்பிடிப் படகைச் சுற்றிக்கொண்டு திரும்பி வர வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

பாலாற்றில் தண்ணீரா என்று வேலூர், ராணிப்பேட்டைக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். 2021 நவம்பரில் அதே ஆறு கரைபுரண்டு ஓடியதை அவர்களும்தான் பார்த்தார்கள். முகத்துவாரத்தில் மழைக்காலம் முடிந்தும் தை வரைக்கும் தண்ணீர் நிற்கும், அதற்குள் போட்டியை முடித்துவிடுகிறார்கள். தங்கை மகன் ஓ.எம்.ஆரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். போனில் ஏதாவது ஒரு வீடியோவைக் காட்டாமல் அவனுக்குப் பேச வராது. ஆஸ்திரேலியாவில் டார்வின் என்ற ஊரில் 1974-லிருந்து காலி பீர் டப்பாக்களை ஒட்டிப் படகு செய்து கடலில் விடுகிறார்களாம், அதைக் காட்டினான். அதே நாட்டில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் இன்னொரு கூத்து: டாட் என்ற வறண்ட ஆற்றில், அடிப்பாகமே இல்லாத படகைத் தூக்கிக்கொண்டு மணலில் ஓடுகிறார்கள். 1993-ல் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்று அந்தப் போட்டியை ரத்து செய்தார்களாம். அதைக் கேட்டதும் எனக்கு வாலாஜா பாலாற்றுப் பாலம்தான் ஞாபகம் வந்தது. நம் ஆளுங்களுக்கு ஏற்ற போட்டி அதுதான், யாராவது ஆரம்பித்தால் புண்ணியமாகப் போகும்.

சரி, கடைக்கு வருகிறேன். மிதவைக்கு டிரம் என்று முடிவானதும் பெரம்பூரிலிருந்து மூலக்கடை வழியாகப் போய் அந்த வரிசையில் நாலைந்து கடை ஏறி இறங்கினேன். மற்ற கடைகளில் எல்லாம் விலையைத்தான் முதலில் சொன்னார்கள். பாய் மட்டும், "எதுக்கு சார் டிரம்? தண்ணி பிடிக்கவா, செடி வைக்கவா, மெதக்க விடவா?" என்று கேட்டார். மிதக்க விட என்றதும் ஸ்டூலை இழுத்துப் போட்டார். "எத்தினி பேரு ஏறுவீங்க? ஒரு ஆளு எத்தினி கிலோ?"

இந்தக் கேள்வியைக் கேட்கிற கடைக்காரர் கிடைத்தால் விடாதீர்கள். இவர் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு கோயில் தெப்பத்துக்கு வருஷா வருஷம் இவர் கடையிலிருந்துதான் டிரம் போகிறதாம். திருவாரூர் கமலாலயக் குளத்துத் தெப்பமே பேரல்களின் மேல் கட்டியதுதானே, அந்தத் தொழில் தெரிந்தவர்கள் வந்து சொல்லிச் சொல்லி இவருக்கும் கணக்கு அத்துப்படி ஆகிவிட்டது. நான் எட்டு டிரம் என்று சொன்னேன். "ஆறு போதும் சார், எட்டு போட்டா வெயிட்டும் நீளமும்தான் ஏறும், திருப்ப முடியாது" என்றார். நாலு டிரம் போதாதா, செலவு மிச்சமாகுமே என்று தங்கை பையன் கேட்டான். "நாலு போட்டா மெதக்கும், ஆனா மூடி நனையும்" என்றார். இரண்டு டிரம் கூட விற்க வாய்ப்பு வந்தும் வேண்டாம் என்று சொல்கிற வியாபாரியைப் பார்ப்பது அபூர்வம்.

அந்த "மூடி நனையும்" என்ற வார்த்தைக்குள் முழு மிதவைக் கணக்கும் இருக்கிறது. வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். 200 லிட்டர் டிரம் முழுக்கத் தண்ணீரில் முங்கினால் ஏறக்குறைய 200 கிலோவைத் தாங்கும். உப்புத் தண்ணீர் என்றால் இன்னும் கொஞ்சம் கூட, ஏனென்றால் கடல் தண்ணீர் லிட்டருக்கு 1.025 கிலோ. நான்கு பேர் 280 கிலோ, மூங்கில், பலகை, கயிறு ஒரு 70, டிரம்மின் சொந்த எடை ஒன்றுக்கு 9 கிலோ. மொத்தம் 400 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு டிரம் என்றால் தாங்கும் சக்தி 1,200, அதில் மூன்றில் ஒரு பங்குதான் முங்கும். டிரம்மின் குறுக்களவு 58 சென்டிமீட்டர். படுத்த நிலையில் அடியிலிருந்து 20, 22 சென்டிமீட்டர் வரைக்கும்தான் தண்ணீர் ஏறும். நாலு டிரம் என்றால் கிட்டத்தட்டப் பாதி முங்கிவிடும்.

இப்போது மூடியைப் பாருங்கள். இந்த டிரம்களில் தலைப்பக்கம் எதிரெதிரே இரண்டு சின்ன மூடி இருக்கும். டிரம்மைப் படுக்கப் போட்டு, ஒரு மூடி மேலே, ஒரு மூடி கீழே என்று வைத்தால் கீழ் மூடி எப்போதும் தண்ணீருக்குள் இருக்கும். அதைத் திருப்பி, கடிகாரத்தில் ஒன்பதேகால் மணிக்கு முட்கள் நிற்பது போல இரண்டு மூடியும் படுக்கை வாட்டில் வருகிற மாதிரி வைத்தால், இரண்டுமே சரிபாதி உயரத்தில் நிற்கும். ஆறு டிரம் மிதவையில் தண்ணீர்க்கோடு அதற்குக் கீழே. நாலு டிரம் மிதவையில் தண்ணீர் மூடியைத் தொட்டுக்கொண்டே இருக்கும், அலை அடித்தால் முங்கும். டிரம்மில் ஓட்டை விழுந்து மிதவை முங்குவது ரொம்ப அரிது. மூடி வழியாகத்தான் வினை வரும். இதைத் தெரிந்துகொண்டு விற்பதால்தான் இந்தக் கடைக்கு நான் இவ்வளவு எழுதுகிறேன்.

டிரம்மில் இரண்டு சாதி. ஓப்பன் டாப் என்பது முழு வாயும் திறந்து, மேலே பெரிய மூடி போட்டு, இரும்பு வளையத்தால் இறுக்குவது. நேரோ மவுத் என்பது நான் சொன்ன இரண்டு சின்ன மூடி வைத்தது. மிதவைக்கு நேரோ மவுத்தான், யோசிக்கவே வேண்டாம். ஓப்பன் டாப்பில் அந்தப் பெரிய மூடியைச் சுற்றி ஓடும் ரப்பர் ஒரு இடத்தில் நசுங்கியிருந்தாலும் போச்சு. அதிலும் இரண்டு விளிம்பிலும் வளையம் எழும்பியிருக்கிற டிரம்மாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார் பாய். கயிறு வழுக்கி வெளியே போகாமல் அந்த வளையம் தடுக்கும். வழவழப்பான பிளாஸ்டிக்கில் கயிறு கட்டிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஒவ்வொரு டிரம்மின் அடியிலும் முக்கோணத்துக்குள் 2 என்று இருக்கும், எச்.டி.பி.இ. என்கிற கெட்டியான பிளாஸ்டிக் என்று அர்த்தம். பக்கத்தில் சின்ன வட்டத்தில் மாதமும் வருஷமும் அச்சில் பதிந்திருக்கும். ரொம்பப் பழையதை விட்டுவிடுங்கள். வருஷத்தைவிட முக்கியம், அது எத்தனை நாள் வெயிலில் நின்றது என்பது. கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் வெள்ளையாக மாவு ஒட்டினால் பிளாஸ்டிக் செத்துவிட்டது. பாய் கடையில் சாலையோரம் அடுக்கியிருப்பதில் பாதி இந்த ரகம். அதை விலை குறைத்துச் செடி வைப்பவர்களுக்கும் கட்டட வேலைக்காரர்களுக்கும் தருகிறார். நல்ல சரக்கு உள்ளே தகரக் கொட்டகைக்குக் கீழே இருக்கிறது. "உள்ளே பாக்கலாமா பாய்?" என்று கேட்க வேண்டும், அவராகக் கூப்பிட மாட்டார். இது எனக்குப் பிடிக்கவில்லை. கேட்கத் தெரியாதவன் வாசல் சரக்கை வாங்கிக்கொண்டு போய்விடுவான்.

முன்பு அதில் என்ன இருந்தது என்பதையும் கேளுங்கள். கிளிசரின், சார்பிடால், லிக்விட் குளுக்கோஸ், சோப்புக் கரைசல், ஆசிட் என்று எல்லாம் வரும். ஆசிட், பூச்சிமருந்து டிரம்மைப் பாய் தனியாக ஒதுக்கி, பெயின்ட்டால் பெருக்கல் குறி போட்டு வைத்திருக்கிறார். குடிதண்ணீர் பிடிக்கக் கேட்டால் அதைக் கொடுப்பதில்லை. ஒரு அம்மா விலை குறைவு என்று அதையே கேட்டு அடம்பிடித்தபோதும் கொடுக்கவில்லை, நானே பார்த்தேன். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு ஊரே குடத்தோடு நின்றபோது டிரம் கிடைத்தால் போதும் என்று எதையும் வாங்கிப் போனார்களாம். அப்போதும் இதே கண்டிப்புத்தான் என்கிறார். அதை நான் பார்க்கவில்லை, அவர் சொன்னது. இந்த ஊரில் டிரம் வியாபாரிக்குச் சீசன் இல்லாத மாசமே கிடையாது. கோடையில் தண்ணீரை உள்ளே பிடிக்க டிரம், ஐப்பசி கார்த்திகையில் தண்ணீருக்கு மேலே மிதக்க டிரம். 2023 மிக்ஜாம் புயலில் எங்கள் பக்கத்துத் தெருவிலேயே டிரம்மைக் கட்டி வயசானவர்களை உட்கார வைத்து இழுத்துப் போனார்கள்.

எங்களுக்கு வந்தது சோப்புக் கரைசல் டிரம். வாசனை ஒன்றும் மோசமில்லை. ஆனால் மொட்டை மாடியில் அலசினால் நுரை, நுரை, அப்படி ஒரு நுரை. மாடிக் குழாய் வழியாகக் கீழ் வீட்டு வாசலுக்கு இறங்கி, கீழ் வீட்டு அம்மா மேலே ஏறி வந்துவிட்டார். கிளிசரின் டிரம் கிடைத்தால் அதை எடுங்கள், இரண்டு அலசில் போய்விடும்.

விலை, ஒன்று 1,100 ரூபாய். ஆறுக்கும் சேர்த்து 6,300-க்குக் கொடுத்தார். புதுசு வாங்கினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும். பக்கத்துக் கடையில் 900-க்குக் கூட இருந்தது, மூடி இல்லாமல். மூடி தனியாக வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். இதில்தான் ஜனங்கள் ஏமாறுகிறார்கள். இரண்டு மூடிக்கும் மரை ஒன்றாக இருக்காது. ஒன்று நெருக்கமான மரை, இன்னொன்று அகலமான மரை. கண்ட மூடியையும் வைத்துத் திருகினால் ஏறின மாதிரி இருக்கும், பாதியில் நிற்கும். பாய் ஒரு பழைய பிஸ்கட் டின் நிறைய வாஷரும், ஒரு சாக்கு நிறைய மூடியும் வைத்திருக்கிறார். ஒவ்வொரு டிரம்முக்கும் எதிரிலேயே போட்டுப் பார்த்து, மூடி திறக்கும் சாவியால் இறுக்கிக் காட்டித்தான் தருகிறார். வாஷர் வெள்ளையும் கறுப்புமாக இருக்கும். வெள்ளை கெட்டி பிளாஸ்டிக், கறுப்பு ரப்பர். கறுப்பு ஒன்று 15 ரூபாய், கேட்டு வாங்குங்கள். டெஃப்லான் டேப்பைச் சுற்றினால் போதாதா என்று பலர் கேட்பார்கள். அகலமான மரையில் டேப் நிற்காது, வாஷர்தான் காற்றைப் பிடிக்கும்.

சோதனை என் முறைப்படிதான். ஐ.சி.எஃப்.பில் பிரேக் குழாய் இணைப்பில் சோப்புத் தண்ணீர் பூசிக் குமிழி வருகிறதா என்று பார்ப்போம். அதையே இங்கேயும் செய்தேன். காலையில் டிரம்மை நன்றாக மூடி மாடி வெயிலில் நிறுத்திவிட்டு, பதினொரு மணிக்கு மேல் மூடியைச் சுற்றி பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீர் தடவினால் போதும். உள்ளே காற்று சூடாகி விரியும், டிரம் வயிறு தட்டினால் டொம் டொம் என்று கெட்டியாக இருக்கும், கசிவு இருக்கிற இடத்தில் கடுகளவு குமிழி ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும். ஒரு டிரம்மில் மூடியில் இல்லாமல் அடி விளிம்பில் கிளம்பியது. மயிரிழை விரிசல், கண்ணுக்கே தெரியவில்லை. அதை எடுத்துப் போய்க் காட்டியதும் பாய் ஒரு வார்த்தை பேசவில்லை, வேறு டிரம் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். பணம் திரும்பத் தர மாட்டார், மாற்றித்தான் தருவார். அது போதும்.

அவர் சொன்ன இன்னொரு விஷயம் எனக்கே புதுசு. சோதனைக்கு மூடி வெயிலில் வைக்கலாம், போட்டிக்கு வெயிலில் வைத்து மூடக் கூடாது. மத்தியானச் சூட்டில் மூடி முறுக்கிய டிரம்மைக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் உள்ளே காற்று சுருங்கும். சுருங்கினால் டிரம் உள்வாங்கும், மூடியில் துளி இடம் இருந்தாலும் தண்ணீரை உறிஞ்சும். "விடிகாலையில, பனி நேரத்துல திறந்து விட்டு மூடுங்க சார். வெயில் ஏற ஏற காத்து வெளியேதான் தள்ளும், தண்ணிய உள்ளே வுடாது." பிரேக் சிலிண்டரோடு வாழ்ந்தவன் நான், இதை ஒரு டிரம் கடையில் கேட்டுக்கொண்டேன். போட்டியன்று விடியற்காலை ஐந்தரைக்கு ஆற்றங்கரையில் உட்கார்ந்து எல்லா மூடியையும் திறந்து மூடினோம்.

மூங்கிலும் கயிறும் பாயிடம் கிடையாது. சவுக்குக் கட்டை எல்லா இடத்திலும் கிடைக்கும், விலையும் குறைவு, ஆனால் பச்சைச் சவுக்கு ஏகப்பட்ட எடை, மிதவைக்கு மூங்கில்தான். கயிற்றுக்குக் காசிமேடு போங்கள். வாய்ப்பேச்சில் எல்லாப் பிளாஸ்டிக் கயிறையும் நைலான் என்றுதான் சொல்வார்கள், ஆனால் உண்மையான நைலான் தண்ணீரில் முங்கும், நனைந்தால் நீளும், கட்டு தளரும். படகுக்காரர்கள் வாங்குகிற, மிதக்கிற கயிறைக் கேளுங்கள், கிலோ கணக்கில் தருவார்கள். பையன் போல்ட் போட்டு முடுக்கலாம், கேபிள் டை போடலாம் என்றான். கட்டுமரத்தில் ஆணி இருக்கிறதா என்று கேட்டேன். அலையில் ஒவ்வொரு கட்டையும் தன் போக்கில் கொஞ்சம் அசைய வேண்டும், அதனால்தான் கயிற்றுக்கட்டு. இறுக்கமாக முடுக்கினால் மூட்டுத்தான் முறியும். தவிர, டிரம்மில் துளை போட்டால் பாய் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார், அதைப் பின்னால் சொல்கிறேன். டிரம்முக்கும் கயிறுக்கும் நடுவில் பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து வைத்துக் கட்டினோம். பஞ்சர் கடையில் சும்மாவே தந்தார்கள். டியூப் வைத்த கட்டு ஒரு இஞ்சு கூட நகரவில்லை.

இனி வண்டி. பாய்க்குத் தெரிந்த குட்டி யானைக்காரர் ஒருவர் இருக்கிறார், டெலிவரி என்றால் அவரைத்தான் சொல்வார். காலை ஆறு மணிக்கு வருகிறேன் என்றவர் வந்தது பதினொன்றரைக்கு. நடுவில் போன் செய்தால் மூலக்கடை, மூலக்கடை என்றே சொல்லிக்கொண்டிருந்தார். மூலக்கடையிலிருந்து பெரம்பூருக்கு நடந்தே வந்திருக்கலாம். வந்ததும் டிரம்மைத் தூக்கி எறிகிற மாதிரி ஏற்றினார், காலி டிரம்தானே என்று. கல்பாக்கம் தாண்டி இறக்கும்போது சொன்ன வாடகைக்கு மேல் 500 கேட்டார். பாயிடம் சொன்னேன். "அவன் அப்படித்தான் சார்" என்றார். அப்படித்தான் என்று தெரிந்தால் ஏன் அவரையே அனுப்ப வேண்டும்? இதற்குப் பதில் இல்லை. நீங்களே வண்டி பிடித்துக்கொள்ளுங்கள். பில் கிடையாது என்பது இன்னொரு குறை. போனில் பணம் அனுப்பலாம், ரசீது கேட்டால் துண்டுச் சீட்டில் எழுதித் தருவார். அலுவலகக் கணக்குக்கு வாங்குகிறவர்களுக்கு ஒத்து வராது.

போட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் டிரம் எப்படி உழைத்தது என்று தெரியும். லைஃப் ஜாக்கெட் ஒரு இடத்தில் வாடகைக்கு எடுத்திருந்தான் பையன், அந்த இடத்தின் பெயர் வேண்டாம். பாதி ஜாக்கெட்டில் கொக்கி உடைந்து, சணல் கயிறு கட்டியிருந்தது. நானே ஒவ்வொன்றையும் போட்டுத் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்து, காதுவரை ஏறுகிறதை எல்லாம் ஒதுக்கினேன். கடைசியில் மீனவர் தெருவில்தான் நல்ல ஜாக்கெட் இரவல் கிடைத்தது.

வந்த மிதவைகளில் ஒன்று 20 லிட்டர் தண்ணீர்க் கேன்களால் ஆனது. கேனின் அழுத்து மூடி ஏறுகிறவன் எடையில் பட் பட்டென்று தெறித்து, பாதி வழியிலேயே இடுப்பளவு முங்கிக்கொண்டு பாட்டுப் பாடியபடி வந்தார்கள். ஒரு கூட்டம் லாரி டியூபில் வந்தது, அது முன்னே போவதைவிடச் சுற்றியதுதான் அதிகம். வாழை மரத் தெப்பம் ஒன்று, முங்கவே முங்காது, நகரவும் நகராது. ஜெயித்தது மீனவர் தெருப் பையன்கள். மீன் ஐஸ் வைக்கிற தெர்மகோல் பெட்டிகளைத் தார்ப்பாயில் சுற்றி, மேலே பழைய வலையைப் போட்டு இழுத்துக் கட்டி, ஒடுக்கமாக, நீளமாகச் செய்திருந்தார்கள். துடுப்பே கொண்டுவரவில்லை. ஆற்றில் மார்பளவு தண்ணீர்தான் என்று அவர்களுக்குத் தெரியும், இரண்டு நீளக் கழியை ஊன்றித் தள்ளியே போய்விட்டார்கள்.

எங்கள் ஆட்கள் மூன்றாவது. போகும்போது இரண்டாவதாகத்தான் போனார்கள், மீன்பிடிப் படகைச் சுற்றுகிற இடத்தில் போயிற்று. டிரம்மின் தட்டையான முகம் தண்ணீரைக் கிழிக்காது, தள்ளும். நேராகப் போகும்போதே அது பாரம், திரும்பும்போது கேட்கவே வேண்டாம். முன்னால் தகரத்தை வளைத்துக் கூம்பு வைக்க வேண்டும் என்று பாயும் சொன்னார், நானும் சொன்னேன். பார்க்க நன்றாக இருக்காது என்று பையன்கள் விட்டுவிட்டார்கள். போட்டோவில் நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் மிதவை கெட்டி. கரையேறியதும் ஒவ்வொரு டிரம்மாகத் திறந்து கவிழ்த்துப் பார்த்தேன். ஐந்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஒன்றில் அரை டம்ளர் இருந்தது. அதில் வெள்ளை வாஷர். மாற்றச் சொல்லிக் கொடுத்த கறுப்பு வாஷர் பையனின் சட்டைப் பையிலேயே பத்திரமாக இருந்தது.

போட்டி முடிந்த பின் டிரம்மை என்ன செய்வது என்று யோசிக்கிறவர்களுக்கு: துளை போடாமல், வெட்டாமல், மூடியோடு கொண்டுபோனால் பாய் ஒன்று 700 ரூபாய்க்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறார். நான் நாலைத் திருப்பிக் கொடுத்தேன், இரண்டைத் தங்கை வைத்துக்கொண்டாள், தோட்டத்துக்குத் தண்ணீர் பிடிக்க. குடிக்க, சமைக்க அதில் பிடிக்காதே என்று சொல்லியிருக்கிறேன். திருப்பித் தருவது என்றால் ஐப்பசிக்குள் கொண்டுபோங்கள், மழை தொடங்கிய பிறகு வாங்க ஆள் நிறைய வருவதால் பேரம் பேச அவருக்கு நேரமிருக்காது. வாங்குவதும் அப்படித்தான், மழைக்காலத்தில் விலை ஏறிவிடும். பொங்கல் முடிந்து போனால் விலை படியும்.

நட்சத்திரம் போட வேண்டும் என்றால் டிரம்முக்கு ஐந்து, வண்டிக்கு ஒன்று. செருப்புப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். தரை முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு, ஷூ போடுங்கள். பைக்கைச் சந்துக்குள் நிறுத்துங்கள், ஜி.என்.டி. சாலை ஓரத்தில் நிறுத்தினால் லாரி உரசும். வெள்ளிக்கிழமை பன்னிரண்டிலிருந்து மூன்று வரை கடை இருக்காது. கறுப்பு வாஷர் நாலைந்து கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.